முள் நகராத மீட்டர்

கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைத் திறந்ததும் யுவராணி மூக்கைப் பொத்திக்கொண்டாள். காய்ந்துபோன பல்லி, எலிப்புழுக்கை, ஒரு மூலையில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு. பென்னாகரம் பக்கத்துத் துணை மின்நிலையத்துக்கு உதவிப் பொறியாளராக வந்த நாள் முதல் அவளுக்கு மோட்டார் எரிந்த புகார்தான். காலையில்கூடத் தக்காளி போட்டிருக்கும் ராமக்காள் வந்து, செடி வாடுகிறது, எரிந்ததும் மறுபடி கம்பி சுற்றி வாங்கிய மோட்டாரைப் போடலாமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

ஆபரேட்டர் தமிழ்மணியிடம் பதில் தயாராக இருந்தது. மோட்டாருக்குக் கம்பி சுற்றியவன் போட்டது மட்டக் கம்பி, வோல்டேஜில் ஒரு குறையும் இல்லை, நீங்களே பாருங்கள் என்றார். லைன் வோல்டேஜைச் சிறிதாக்கித்தான் அந்தப் பெட்டிக்குக் கொடுப்பார்கள்; லைன் சரியாக இருந்தால் அங்கே நூற்றுப்பத்து வோல்ட் காட்ட வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் தானே ஏற்றிவிடும் புதுக் கருவியின் திரையில் நூற்றுப்பத்து. பக்கத்தில் பழைய முள் மீட்டரிலும் அதே நூற்றுப்பத்து.

யுவராணி கருவிக்குள் நுழையும் இணைப்பிலேயே மல்டிமீட்டரை வைத்தாள். தொண்ணூற்றெட்டு. கம்பிகளை இறுக்கி, வேறொரு மல்டிமீட்டரை வைத்தாலும் அதேதான். பிறகு முள் மீட்டரின் ஃபியூசைக் கழற்றினாள். மின்சாரமே போகாத மீட்டரில் முள் இம்மியும் இறங்கவில்லை. கண்ணாடியில் ஆயுத பூசைச் சந்தனம் மட்டும் பளிச்சென்றிருந்தது.

குடைந்து கேட்டபிறகு தமிழ்மணி வாயைத் திறந்தார். புதுக் கருவி வந்தபோது இரண்டும் வேறுவேறாகக் காட்டினவாம். மேலதிகாரி பார்வையிட வரும் நேரம். பழசுதான் ராசியான மீட்டர் என்று, புதுசின் கணக்கைத் திருத்தி அதற்கு ஒத்துப்போக வைத்துவிட்டாராம். உண்மை சொன்னதைப் பிடித்துச் செத்ததுக்கு ஒத்து ஊதவிட்டிருக்கிறார், மனுஷன். அன்றிலிருந்து கருவி எல்லாம் சரியென்று நம்பிச் சும்மா கிடந்தது. விவசாயிகளின் காடுகளில் மோட்டார்கள் குறைந்த வோல்டேஜில் முக்கி முனகிக் கருகின. கேட்கக் கேட்க யுவராணிக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் கணக்கைச் சரிசெய்தாள். திரை தொண்ணூற்றெட்டு என்றது. கொஞ்ச நேரத்தில் கருவி விழித்துக்கொண்டு வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றியது.

யுவராணி ராமக்காள் வீட்டுக்கே போய், மோட்டாரைப் போடுங்கள், தப்பு எங்களுடையது என்றாள். ராமக்காள் மகிழவில்லை. மோட்டார் சுற்றிக் கொடுத்தவன் அவள் தம்பி கருப்பண்ணன். தமிழ்மணி பேச்சை நம்பி, சந்தை நாளில் அவன் கடைவாசலில் நின்று திருடன் என்று ஏசியிருந்தாள். அதோடு அக்கா தம்பி பேச்சு அறுந்துபோனது.

"என்கிட்டச் சொல்லி என்ன ஆவுதுங்க? அவங் கடை முன்னால நின்னு சொல்லுங்க. அங்கதான் நானு மண்ண வாரித் தூத்துனேன்."

யுவராணி ராமக்காளையும் தமிழ்மணியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். கடைவாசலில் நாலு பேர் கேட்கும்படி யுவராணி நடந்ததைச் சொன்னாள். கம்பியில் குறையில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். ராமக்காள் போய்த் தம்பி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவன் எழுந்து போகவில்லை.

கம்பி சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு, தமிழ்மணியைக் காட்டிக் கருப்பண்ணன் பேசினான்.

"எங் கம்பி நல்ல கம்பின்னு இவருக்கு அப்பவே தெரியுங்க மேடம். ஊரெல்லாம் மட்டம்னு சொல்லிட்டு, இவரு வூட்டு மோட்டார் எரிஞ்சப்ப இருட்டுனதுக்கு அப்புறம் என்கிட்டத்தான் கொண்டாந்து சுத்திக்கிட்டுப் போனாரு."

தமிழ்மணி அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். அந்த ஆளோடு ஒரே வண்டியில் உட்கார யுவராணிக்கு மனம் ஒப்பவில்லை. ஜீப்பை அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு நின்றாள்.