நிமிர்ந்து எடுத்த படம்

கழுத்து வலி என்று சொன்னால் ஊரில் எல்லாருக்கும் ஒரே பதில்தான். செல்போனைக் கீழே வை. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இந்தச் சின்ன வயசில் வேறென்ன வரப்போகிறது என்று டாக்டர்களும் சொன்னார்கள். எடுத்த எக்ஸ்ரே எல்லாம் நார்மல்.

அந்த நார்மல்தான் வினையாகப் போனது. படத்தில் ஒன்றும் இல்லையென்று வந்தால் என் பிள்ளை பால்குடம் எடுப்பான் என்று அம்மா திருப்போரூர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். கழுத்துக்காக வேண்டிக்கொண்டு தலையில் குடம் தூக்கச் சொல்வதெல்லாம் எங்கள் வீட்டில்தான் நடக்கும்.

கையிலிருந்து டீ கிளாஸ் நழுவ ஆரம்பித்த பிறகு செங்கல்பட்டுக்குப் போனோம். டாக்டர் ரங்கநாயகி பழைய படங்களை ஒதுக்கி வைத்தார்.

"எல்லாமே நிமிர்ந்து உக்காந்து எடுத்தது, கலையரசன். குனிஞ்சு ஒண்ணு, அண்ணாந்து ஒண்ணு எடுத்துட்டு வாங்க. வலிக்காம முடிஞ்ச அளவு போதும்."

குனிந்து எடுத்த படத்தில் கழுத்தெலும்பு ஒன்று இடம் பெயர்ந்து முன்னால் நழுவி நின்றது. போன வருடம் நெம்மேலியில் பைக்கிலிருந்து விழுந்ததை அப்போதுதான் சொன்னேன். தைலம் தேய்த்து மறந்துபோன விஷயம் அது. எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும், அநேகமாக ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் இருக்கும் என்றார் டாக்டர். அதுவரை கழுத்தை அசையவிடாத காலரைக் கழற்றக் கூடாது, தலையில் சுமை கூடவே கூடாது. நரம்பு நசுங்கினால் கைகால் விழுந்துவிடலாம்.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "சாமி கொடம் மேடம். சின்னதுதான். வர்ற ஞாயித்துக்கெழம மட்டும்."

"சாமி குடமும் கனக்கும்மா."

பஸ்ஸில் எனக்கு ஆத்திரமாகவும் பயமாகவும் இருந்தது. ஆபரேஷனில் ஏதாவது ஆனால் குடம் எடுக்காததால்தான் என்பாள் அம்மா என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு அவளே குடத்தைத் தூக்கினாள். காலரோடு பின்னால் நடந்தேன். தார் ரோட்டில் வெறுங்காலோடு போனவளின் கழுத்து குடத்தின் கீழ் நடுங்கிக்கொண்டே இருந்தது.

கோயிலைவிட்டு வெளியே வந்ததும் பிடரியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ஆபரேஷனுக்கும் வேண்டிகினு கீறேன்டா."

"மறுபடியும் கொடமா? என்னால முடியாதும்மா."

"உன் பேர எங்கடா சொன்னேன்? வருசா வருசம் நாந்தான் தூக்குவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலர் இருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியவில்லை.