ஒரு குவளைக் கிணற்றுத் தண்ணீர்

காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை கண்ணாடி துடைப்பது. மொட்டை மாடியில் எட்டுப் பெட்டிகள், அவற்றின்மேல் எட்டுச் சாய்ந்த கண்ணாடிகள். கடற்காற்று கொண்டுவந்து ஒட்டுகிற உப்புத்தூளையும் காக்கை எச்சத்தையும் வெயில் ஏறுவதற்குள் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெயில் உள்ளே இறங்காது, வெயில் இறங்காவிட்டால் குடிக்கத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு மூன்றாவது கண்ணாடியில் கை வைத்தபோது கீழே எங்கள் அறையின் குளியலறைக் கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. விடிந்ததிலிருந்து நான்காவது தடவை. ஈரத்துணியோடு அப்படியே நின்றேன். அவள் வெளியே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கட்டில் முனகுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த கண்ணாடிக்குப் போனேன்.

என் மனைவிக்கு வயிறு சரியில்லாமல் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மாத்திரை சாப்பிட்டால் நாலு நாள் நிற்கும், ஐந்தாம் நாள் மறுபடி ஆரம்பிக்கும். ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. வளையல் முழங்கைவரை ஏறுகிறது. நடுவில் மகள் வந்து அழைத்துப்போய்ப் பத்து நாள் தன் வீட்டில் வைத்திருந்தாள். அங்கே ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டாள், கன்னம்கூடக் கொஞ்சம் தேறியது. திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய கதை. "அம்மாவ எங்கிட்டயே விட்டுருங்கப்பா, அந்தக் கடக்காத்து ஒத்துக்கல" என்று மகள் போனில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாக ஒத்துக்கொண்ட காற்று இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? பேரப்பிள்ளைகளைப் பார்த்த சந்தோஷத்தில் அங்கே தேறியிருப்பாள், என் மூஞ்சியைப் பார்த்ததும் இங்கே இளைத்துவிட்டாள் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்த வருத்தத்தில் அவளை இன்னும் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டேன்.

நான் இந்தப் பங்களாவின் காவல்காரன், தோட்டக்காரன், குழாய் ரிப்பேர்காரன் எல்லாம். முதலாளி வேறு ஊரில் இருக்கிறார். அறைகளை வாரக் கடைசியில் வாடகைக்கு விடுவார். நாங்கள் இருவரும் பின்கட்டு அறையில் குடியிருக்கிறோம். இங்கே ஊர்க்குழாய் கிடையாது. முன்பெல்லாம் குடிதண்ணீருக்கு லாரியைப் பார்த்துக் கண் பூத்துப்போகும். இரண்டு வருஷத்துக்கு முன்பு முதலாளி இந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். பெட்டிக்குள்ளே கறுப்புத் தொட்டி, அதில் விரல்கடை உயரத்துக்குக் கடல்தண்ணீர். வெயிலில் அது ஆவியாகி, மேலே கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகப் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வழுக்கிக்கொண்டு இறங்கி, ஓரத்துக் கால்வாயில் விழுந்து குழாய் வழியாக வரும். உப்பு உள்ளேயே நின்றுவிடும். நல்ல வெயில் நாளில் முப்பது லிட்டர் கிடைக்கும். வருகிற விருந்தாளிகளை நானே மாடிக்கு அழைத்துப்போய் இதைக் காட்டுவேன். "காய்ச்சணுமா?" என்று யாராவது கேட்டால், "சூரியனே காய்ச்சிக் குடுத்தத நான் வேற காய்ச்சணுமா?" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அதிகம் படிக்காத எனக்கு அந்தப் பெட்டிகளிடம் ஒரு பெருமை, அதை மறைப்பானேன்.

ஒரே ஒரு குறை. அந்தத் தண்ணீருக்கு ருசியே கிடையாது. சப்பென்று, வாயில் ஒன்றுமே ஊற்றாதது மாதிரி இருக்கும். பெட்டிகளைப் பொருத்த வந்த பிட்டர் தம்பி அதை அப்போதே சொன்னான். "இதுல உப்புச்சத்து எதுவும் இருக்காதுண்ணே. இதையே வருஷக்கணக்கா குடிக்கக் கூடாது, கொஞ்சம் சத்து சேத்துத்தான் குடிக்கணும்" என்று சொல்லி, சுண்ணாம்புக்கல் நிரப்பிய ஒரு குழாயை வழியில் மாட்டிவிட்டுப் போனான். தண்ணீர் அந்தக் கற்களில் பட்டு வரும்போது கொஞ்சம் ருசி ஏறும். ஒன்றரை வருஷத்தில் கல் கரைந்து தீர்ந்தது. முதலாளியிடம் சொன்னேன், "பாக்கலாம்" என்றார். அவருடைய பார்க்கலாமுக்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும். சத்தில்லாத தண்ணீரை இவளுக்கு எத்தனை நாள் கொடுப்பது என்று யோசித்தேன். பின்பக்கம் கிணறு இருக்கிறது. லேசாகக் கரிக்கும், ஆனால் ருசியான தண்ணீர். வந்த புதிதில் அதைத்தான் குடித்தோம். ஒரு குடத்துக்கு ஒரு அலுமினியக் குவளை கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். அற்புதமாக இருந்தது. அதிலிருந்து அது என் கைப்பக்குவம் ஆயிற்று, விருந்தாளிகளுக்கும் அதுதான். ஒவ்வொரு தடவையும் முதல் டம்ளரை அவளிடம் நீட்டி, "எப்படி?" என்று கேட்பேன். "நல்லாருக்குங்க" என்பாள்.

அவளைப் பார்க்க அன்றைக்குச் சுகாதார நர்ஸ் வந்தாள். வாரத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டரில் இந்தப் பக்கம் வருகிறவள், வெயிலில் வந்து வந்து அவளும் களைத்துத்தான் இருந்தாள். மனைவியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தாள்.

"உப்புச் சர்க்கரைத் தண்ணி குடுக்கிறீங்களாண்ணே?"

"மூணு வேளையும் குடுக்கறேன் சிஸ்டர். நானே கலக்கிக் குடுக்கறேன்."

"எந்தத் தண்ணில?"

கேட்டதே போதுமென்று மாடிக்கு அழைத்துப்போய் எட்டுப் பெட்டியையும் காட்டினேன். அவள் கண்ணாடிக்கு அடியில் பூத்திருந்த துளிகளைக் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு பையிலிருந்து மூன்று சின்னப் பாட்டில்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில் ஒரு காகிதத் துண்டு கிடந்தது. பெட்டியிலிருந்து வருகிற குழாயில் ஒன்று, சமையலறைக் குடத்தில் ஒன்று, கிணற்றில் ஒன்று பிடிக்கச் சொன்னாள். குளிக்கவும் பாத்திரம் கழுவவும்தான் கிணறு என்றேன். "இருக்கட்டும், புடிங்க" என்றாள். நானே பிடித்தேன், அவள் ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டினாள். "துணில சுத்தி அலமாரில வைங்க. நாளைக்குப் பாருங்க. கறுப்பாயிருச்சுன்னா அந்தத் தண்ணி ஆகாது. எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

குவளை விஷயத்தை அவளிடம் நான் மறைக்கவில்லை. நினைவுக்கே வரவில்லை. தேநீர் போடுகிறவனை என்ன போட்டாய் என்று கேட்டால் தேயிலை என்றுதானே சொல்வான், கரண்டியைப் பற்றியா சொல்வான்?

மறுநாள் மத்தியானம் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். குழாய்த் தண்ணீர் பிடித்த பாட்டில் நேற்று இருந்தபடியே இருந்தது. கிணற்றுப் பாட்டில் மை மாதிரி கறுத்துப்போயிருந்தது. அது எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. போன வருஷம் விருந்தாளிகளுக்குப் புதிதாக நாலு கழிப்பறை கட்டினார்கள். அதற்கான குழியைக் கடல் தெரிகிற பக்கம் தோண்டினால் பார்வைக்கு அசிங்கம் என்று பின்பக்கம், கிணற்றுப் பக்கம், இடம் காட்டியதே நான்தான். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். மூன்றாவது பாட்டிலை எடுத்தேன். குடத்துத் தண்ணீர். அதுவும் கறுப்பு.

பாட்டில் மாறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒட்டியிருந்த எழுத்தை வெளிச்சத்தில் காட்டி இரண்டு தடவை படித்தேன். குழாயில் வரும்போது நன்றாக இருந்த தண்ணீர் குடத்துக்குள் எப்படிக் கறுப்பாகும்? குடத்தைப் பார்த்தேன். குடத்தின்மேல் மூடியிருந்த தட்டைப் பார்த்தேன். தட்டின்மேல் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியக் குவளையைப் பார்த்தேன். அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னுடையது கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. அதுதான் என்னை ஏமாற்றியிருக்கிறது. அவளுக்கு நான் மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தாங்கிப் பிடித்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியது இதைத்தான். குடிக்க மறுத்தபோது கோபித்துக்கொண்டு ஊட்டியிருக்கிறேன். மகள் வீட்டில் அவள் தேறியதற்கு நான் போட்ட கணக்கை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்துவிடலாமா என்று தோன்றியது. மூடியைத் திறந்தும் விட்டேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. இனிமேல் கலக்காமல் இருந்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது, அவளுக்கும் தெரியவேண்டாம் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. முதலாளி.

"என்னய்யா, எப்படி இருக்கே? சனிக்கிழமை ஒரு குடும்பம் வருது. கைக்குழந்தை இருக்காம். தண்ணி நல்ல தண்ணியா, குழந்தைக்குப் பால் கலக்கலாமான்னு கேட்டாங்க. தாராளமா கலக்கலாம், எங்க தண்ணி மாதிரி எங்கயும் கிடைக்காதுன்னு சொல்லிட்டேன். போன தடவை வந்தவங்கல்லாம் அந்த ருசியத்தான் பெருசா எழுதிருக்காங்க. சரிதானே?"

அறுபத்தொரு வயதில் இந்த அறையை விட்டால் எனக்கும் அவளுக்கும் வேறு கூரை கிடையாது. மகள் வீட்டில் அவளுக்கு இடம் இருக்கும், எனக்கும் சேர்த்து இருக்காது. கையில் திறந்த பாட்டில். நாற்றம் இன்னும் போகவில்லை.

"சார், தண்ணி குடுக்க வேண்டாம்னு சொல்லிருங்க."

"ஏன்? மெஷின் கெட்டுப்போச்சா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். கெடுத்தது நான்தான். ருசிக்குக் கிணத்துத் தண்ணி ஒரு குவளை கலந்துட்டிருந்தேன். கிணத்துல அந்தக் குழியோட அழுக்கு எறங்கிருக்கு. இவ மூணு மாசமா படுத்திருக்கறது அதாலதான்."

கல் வாங்கித்தரச் சொன்னேனே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கலக்கிய கை என் கைதானே. "அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். திரும்பினேன். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. அவள் வந்து என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி மூடி, அலமாரியில் வைத்தாள். அப்புறம் முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள், நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

"கிணத்துத் தண்ணி கலக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. மொத நாளே வாய்ல வச்சதும் தெரிஞ்சுது."

"தெரியுமா? அப்ப அது புடிச்சிருந்துதா உனக்கு?"

"புடிக்கல. கொஞ்ச நாளா அதுல ஒரு வாடை. இப்படி ஆகும்னு சத்தியமா நெனைக்கல, வாடைதானேன்னு நெனைச்சேன்." அவள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க டம்ளர நீட்டிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பீங்க. அப்ப நல்லால்லன்னு எப்படிங்க சொல்றது?"

நாற்பது வருஷத்தில் அவள் நல்லாருக்கு என்று சொன்னவையெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்துபோயின. எதை நம்புவது, எதை விடுவது என்று புரியவில்லை.

நர்சுக்குப் போன் செய்தேன். குடத்தைக் கவிழ்த்துக் கொட்டி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்தேன். பெட்டித் தண்ணீர் சேர்கிற மாடித் தொட்டியையும் திறந்து விட்டேன், அதிலும் எப்போதாவது அந்தக் குவளையை விட்டிருப்பேன் என்ற பயம். எல்லாம் கொட்டியபின் வீட்டில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு டம்ளரை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், முதல் பெட்டியின் குழாயைக் கழற்றி அதன் வாயில் வைத்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து, படிக்குப் படி நின்று, அவளும் பின்னாலேயே ஏறி வந்துவிட்டாள். படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.

வெயிலை ஒரு மேகம் மறைத்திருந்தது. கண்ணாடிக்கு அடியில் துளிகள் பூத்து நின்றனவே தவிர இறங்கவில்லை. மேகம் நகர்ந்த பிறகு ஒரு துளி பக்கத்துத் துளியைத் தொட்டு, இரண்டும் சேர்ந்து சரிந்து, போகிற வழியில் நாலைந்தைக் கூட்டிக்கொண்டு கால்வாயில் விழுந்தது. டம்ளரின் அடியில் டக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கால் டம்ளர் சேர வெகுநேரம் ஆயிற்று. எடுத்து அவளிடம் நீட்டினேன். நீட்டிவிட்டு, வழக்கம்போல முகத்தைப் பார்க்கப் போனவன், சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் குடிக்கிற சத்தம் கேட்டது.

"சப்புன்னு இருக்குங்க" என்றாள்.

கீழே அறையில் போன் அடிக்கத் தொடங்கியது. அடித்து, நின்று, மறுபடியும் அடித்தது. அவள் கையை ஊன்றி எழுந்து வந்து, காலி டம்ளரைக் குழாயின் வாயில் திரும்ப வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அடியில் அடுத்த துளி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.