பத்தொன்பது நிமிடம்

ஆடிக் கிருத்திகை அன்று மதியம் ஒன்று பத்துக்கு, பச்சையப்பனின் மண்டையை ஸ்கேன் எடுத்த படங்களைச் சென்னைக்கு அனுப்ப ஆரம்பித்தோம். கே.ஜி.கண்டிகையிலிருந்து காவடிக்காரர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்தவர். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. சென்னை டாக்டர் படத்தைப் பார்த்தால்தான் தன்னிடம் கொண்டுவரலாமா, வேலூருக்குப் போகவேண்டுமா என்று சொல்வார். இரண்டும் எதிரெதிர் திசை. ரோடு முழுக்க எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு வரும் காவடி. தப்பான பக்கம் கிளம்பினால் திரும்ப முடியாது. மூன்று மணிக்கு அந்த டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விடுவார்.

ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. 2006இல் எங்களிடம் இரண்டு லைன்கள் இருந்தன. ஒன்று டெலிபோன் வழி, இன்னொன்று மொட்டைமாடி ஆன்டெனா வழி. இரவு ஷிப்டில் சும்மா கிடந்த நேரத்தில் நான் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டு லைனிலும் சென்னைக்கு ஒரு சின்னச் சோதனைத் துணுக்கை அனுப்பும். எதில் பதில் சீக்கிரம் வருகிறதோ அதற்கு எல்லாவற்றையும் மாற்றிவிடும். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவனுக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

முதல் தடவை நான்கு சதவீதம் போனதும் அறுந்தது. மறுபடி பூஜ்ஜியம். அடுத்த தடவை பதினெட்டில் அறுந்தது.

"அண்ணா, பூடுச்சா?" பச்சையப்பனின் மகன் பிரகாஷ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போய்கினுகீதுப்பா."

"பதினெட்டுல இருந்துச்சே, இப்ப ஒண்ணுல கீது?"

"கூட்டம். மலையில லட்சம் பேரு. எல்லாரு கையிலயும் செல்லு."

நான் அதை நம்பித்தான் சொன்னேன். ஸ்கேன் எடுக்கும் ஷோபனா நம்பவில்லை.

"நீ நோண்ட நோண்டத்தான் அறுந்துபோவுது. கைய எடுத்துட்டு ஒக்காரேன், புண்ணியமாப் போவும்."

நான் உட்காரவில்லை. நல்ல லைனைச் சீக்கிரம் கண்டுபிடிக்கட்டும் என்று புரோகிராமில் ஐந்து நிமிடத்தை ஒரு நிமிடமாக்கினேன். அதன்பிறகு நான்கு சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. மணி மூன்று அடித்தது. குத்துமதிப்பாக சென்னைப் பக்கம் ஆம்புலன்ஸை விட்டார்கள். போய்ச் சேர ஐந்தே முக்கால் மணி நேரம் ஆனது.

சாயங்காலம் பதிவுகளைப் பார்த்தேன். ஊர்க்கூட்டம் எங்கள் லைனைத் தொடவேயில்லை. படம் போகும்போது அந்தப் படமே லைனை அடைத்தது. அடைத்ததும் பதில் தாமதமானது. காலியாகக் கிடந்த இன்னொரு லைனைக் காட்டி, அதுதான் நல்லது என்று என் புரோகிராம் மாற்றியது. மாற்றிய கணத்தில் படம் அறுந்தது. அங்கேயும் அதே கதை. எந்த லைன் சீக்கிரம் பதில் சொல்கிறது என்றுதான் கேட்கச் சொல்லியிருந்தேன். எவ்வளவு சுமக்கும் என்று கேட்கச் சொல்லவில்லை. புரோகிராமை நிறுத்திவிட்டு அதே படங்களை மறுபடி அனுப்பினேன்.

பத்தொன்பது நிமிடம்.

யாரிடமும் சொல்லவில்லை. ஷோபனா கேட்டபோதும் "லைன் பிராப்ளம்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் பிரகாஷ் பிடிவாதமாக வீட்டுக்கு அழைத்துப்போனான். பச்சையப்பனைக் கூடத்துக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சு இல்லை. பார்க்க வந்திருந்த உறவுக்காரர்களிடம் பிரகாஷ் என்னைக் காட்டினான்.

"எங்க நைனாவுக்கோசரம் இந்த அண்ணன் அன்னிக்கி சோறு தண்ணி இல்லாம ஒக்காந்துகினு இருந்தாரு. கூடப் பொறந்தவன் பண்ணுவானா?"

"ரெண்டு மணி நேரம் முன்ன போயிருந்தா கை காலாவது மிஞ்சியிருக்கும்னு டாக்டர் சொன்னாராமே?" என்றார் ஒருவர்.

"அதுக்கு இவரு இன்னா பண்ணுவாரு? அவ்ளோ கூட்டம்."

நான் வாயைத் திறந்தேன். பச்சையப்பனின் மனைவி அன்னம்மாள் மோர் டம்ளரை நீட்டினார்.

"குடி நைனா. வெயில்ல வந்துகீற."

குடித்தேன். பச்சையப்பனின் வலது புறங்கையில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஈ விரலிடுக்கு வரை நடந்துபோய், கால்களைத் தேய்த்துக்கொண்டு, மணிக்கட்டுக்கு ஏறியது. அவருடைய இடது கை போர்வைக்கு வெளியே வந்து, வயிற்றின் மேல் மெதுவாக நகர ஆரம்பித்தது.