நாலு மணி நேரத் தூரம்

ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்க வந்த கொழுந்தனின் கையைக் கோமு தட்டிவிட்டாள்.

"மதினி, இன்னைக்குச் சாயந்தரம் எடுக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. நீர்மாலைக்கு நேரமாவுது," என்றான் சிவகணேஷ்.

"எம்மவ வரட்டும்."

நேரம் குறித்தவனே அவன்தான். அண்ணன் ஞானசம்பந்தன் நேற்றுக் கண்ணை மூடியதும் செல்போனை எடுத்துத் தேடினான். மகள் விஜயஸ்ரீ அருணாசலப் பிரதேசத்துப் பாசிகாட்டுக்கு மேலே மலையில் பாலம் கட்டும் எஞ்சினியர். பாசிகாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் நாலு மணி நேரம் என்று செல்போன் சொல்லியது. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள் என்று சங்கு ஊதுகிறவர் வரைக்கும் சொல்லிவிட்டான். அது வரைபடத்தில் நூல் பிடித்துப் போட்ட கணக்கு. அந்த நூலின் மேல் ஒரு விமானமும் பறப்பதில்லை. விஜயஸ்ரீ இப்போதுதான் குவாஹாட்டியில் நிற்கிறாள். இனிச் சென்னை, அங்கே ஒரு ராத்திரி, விடிந்தபிறகுதான் தூத்துக்குடி.

நாத்தனார் ராஜராஜேஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏளா கோமு, விடிஞ்சா சனிக்கிழமை. சனிப் பொணம் தனியாப் போகாதும்பாவ. கொள்ளி வைக்கத்தான் தம்பி இருக்கானே."

"தனியாப் போகாதுன்னா துணைக்கு நான் போறேன். இத்தனை வருசம் அவுக கூடத்தான போனேன். இன்னொருக்கப் போனா என்ன?"



"ஊர்க்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றான் சிவகணேஷ்.

"செல்போனு ஏமாத்திட்டுன்னு சொல்லுங்க தம்பி."

கோமு பிளக்குக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். சனிக்கிழமைக்குப் பயமில்லாமல் இல்லை. இவ்வளவு தூரம் வந்த பெண் வெறும் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் முற்பகலில் விஜயஸ்ரீ வந்து இறங்கினாள். தை வெயிலில், மலைக்குளிருக்குப் போட்ட தடித்த கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல், அப்பாவின் காலடியில் விழுந்து அழுதாள். கோமுதான் குனிந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"மொகத்தைப் பாருளா. ஒனக்காகத்தான் இருக்காவ."

நீர்மாலைக் குடங்களில் தண்ணீர் வந்தது, குளிப்பாட்டினார்கள். கொள்ளிச்சட்டியை வாங்கச் சிவகணேஷ் ஒரு எட்டு முன்னால் வைத்தான். கோமு அதை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். அவன் விலகிக்கொண்டான்.

பாடையின் ஒரு மூலையில் தேங்காய் ஒன்று தொங்கியது. சனிப் பிணம் வீட்டிலிருந்து இன்னொரு உயிரைக் கூட்டிப் போகாமலிருக்க ராஜராஜேஸ்வரி கட்டியது. கோமு முடிச்சை அவிழ்த்தாள்.

"துணை வேண்டாமாளா?" என்றாள் ராஜராஜேஸ்வரி.

கோமு நிமிர்ந்து வாசலில் புகையும் சட்டியோடு அப்பாவுக்குத் துணையாக நடக்க நின்ற மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு தேங்காயை உள்ளே கொண்டுபோய், அடுப்படி மூலையில் கிடந்த மற்றத் தேங்காய்களோடு உருட்டிவிட்டாள்.