வடக்குப் பாதி

ஞானையன் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். சத்தமே கேட்கவில்லை.

பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த தாணுப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுத் தோட்டத்தை அங்கே விளை என்பார்கள், அதன் தெற்கு மூலையில் கூலியாள் ஞானையன் குனிந்தபடியே நின்றான். மண்வெட்டியின் தகடு முழுக்க மண்ணுக்குள் போயிருந்தது. அவனே அதை எதிர்பார்க்கவில்லை. பள்ளம் தெரியாமல் காலை வைத்தவன் போல விழித்தான்.

வீட்டுக்குள் அவர் மனைவி பிச்சம்மாள் கிடந்தாள். விடிந்ததும் காப்பிக்குப் பால் வைத்தவள் அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். பால் கருகிய வாசனைக்கு எழுந்து போனவர்தான் அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் கூட இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அதிலிருந்து அவருக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. ஆட்கள் வந்தார்கள், வாயை அசைத்தார்கள், கையைப் பிடித்தார்கள். பெண்கள் அழுகிற சத்தம் எங்கோ தூரத்து வீட்டிலிருந்து வருவது போல வந்தது.

சிதைக்குப் பள்ளம் வெட்டச் சொன்னது பிச்சம்மாளின் அண்ணன் பகவதிப்பெருமாள் பிள்ளை. ஆரியசாலையில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். இந்த மணக்காட்டில் சொந்த விளை உள்ளவர்கள் யாரும் செத்தவர்களை வெளியே கொண்டுபோவதில்லை. விளையின் தெற்கு மூலையில் சிதை, விளையில் நிற்கிற ஒரு மாமரம் விறகு. மலையாளத்தார் வழக்கம்தான். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறிய பிள்ளைமாரும் அதைத் தங்கள் வழக்கமாக்கிக்கொண்டு, தாங்களே கண்டுபிடித்தது போல விட்டுக்கொடுக்காமல் நடத்திவந்தார்கள். தாணுப் பிள்ளை கட்டிய இந்த வீட்டில் இதுதான் முதல் சாவு.

ஞானையன் இரண்டாவது வெட்டுக்கு மண்வெட்டியைத் தூக்கினான்.

அந்த விளைக்கு நடுவே ஒரு கோடு உண்டு. யாரும் போட்ட கோடு இல்லை, ஆனாலும் குருடனுக்குக்கூடக் காலில் தெரியும். வடக்குப் பாதி தாணுப் பிள்ளையுடையது. அவருக்குச் சாலைக் கடைத்தெருவில் உரக்கடை. பிண்ணாக்கும் எலும்புத் தூளும் விற்றுக்கொண்டிருந்தவர், ‘அதிகம் விளைவியுங்கள்’ என்று சர்க்கார் சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டிய காலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெள்ளை உப்பு உரம் விற்றார். விற்கிறதைத் தானே போடாவிட்டால் என்ன வியாபாரி? வருஷத்துக்கு இரண்டு தடவை வடக்குப் பாதியை ஆள் விட்டுப் புரட்டிக் கொத்துவார். சருகைக் கூட்டி எரிப்பார். தென்னை மூட்டில் உப்பு உரம் போடுவார். தரை துடைத்த தாம்பாளம் மாதிரி இருக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

தெற்குப் பாதி அப்படி ஆகாமல் போனது ஒரு காய்ச்சலால். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பிச்சம்மாள் டைபாய்டில் படுத்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் விளக்குமாறு படவில்லை. எழுந்து வந்து பார்த்தபோது, நட்டுவிட்டு மறந்துபோன சேம்பு சருகுக்கு நடுவே ஆளுயரம் நின்றது. அன்றோடு விளக்குமாறையும் மண்வெட்டியையும் அந்தப் பக்கம் விடுவதில்லை என்று வைத்துவிட்டாள். பலா இலை, தென்னோலை, வாழைச் சருகு, காய்கறித் தோல், எல்லாம் விழுந்த இடத்தில் கிடக்கும்.

“சோம்பலுக்குப் பாதி வெளைய எழுதிக் குடுத்தாச்சு” என்று வருகிறவர்களிடமெல்லாம் தாணுப் பிள்ளை சொல்வார்.

“நான் ஒருத்திதான சோம்பி இருக்கேன். அடியில எத்தன பேரு வேல செய்யுதுன்னு வந்து பாருங்க” என்பாள் பிச்சம்மாள். அவர் போனதில்லை. சருகுக்குள் பாம்பு கிடக்கும் என்று பயம். வெளியே சொன்னால் மானம் போகும் என்பதால் சிரித்து மழுப்பிவிடுவார்.

அவர் சருகை எரிக்கும்போது அவள் வந்து பக்கத்தில் நிற்பாள். “எரிச்சா எல்லாம் ஆகாசத்துக்குப் போயிரும். கெடக்க விட்டா மண்ணுக்குள்ள இருக்கும். எனக்கு இவ்வளவுதான் தெரியும்.” இடவப்பாதி மழையில் வடக்குப் பாதியிலிருந்து சிவப்புத் தண்ணீர் ரோட்டுக்கு ஓடும், அவருடைய உரத்தையும் கூட்டிக்கொண்டு. தெற்குப் பாதியில் பெய்த மழை அங்கேயே இறங்கிவிடும். இரண்டு பேரும் இறவாரத்தில் நின்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவரும் கேலி செய்ய மாட்டார்.

மத்தியானம் கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தால், தெற்கேயிருந்து அவள் சருகு மேல் நடக்கிற சத்தம் வரும். தவிட்டுக் குருவிகளும் கூட்டமாக வந்து சருகைப் புரட்டும். கரியிலக் கிளி என்பார்கள் அந்த ஊரில். எது அவள், எது கிளி என்று யோசித்துக்கொண்டே அவர் தூங்கிப்போவார்.

“நில்லு ஞானையா.”

தாணுப் பிள்ளை எழுந்து தெற்குப் பாதிக்குள் நடந்தார். கால் மெத்தென்று அமுங்கியது. வெட்டிய இடம் கறுப்பாக, ஈரமாகத் திறந்து கிடந்தது. வேருக்கு வேர் வெள்ளை நூல் ஓடியிருந்தது. ஒரு மண்புழு பாதி வெளியே நீட்டிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் தடவியது.

“இது என்ன மண்ணு மொதலாளி” என்றான் ஞானையன். “மம்பெட்டியே வேண்டாம். கையால வாரலாம்.”

“வெட்டாண்டாம். மூடிரு.”

தாமதமாவதைப் பார்த்துப் பகவதிப்பெருமாள் பிள்ளை வந்தார். “என்ன மாப்பிள, நேரம் போகுதே.”

“இங்க வேண்டாம் மச்சான். வடக்க வைப்போம்.”

பகவதிப்பெருமாள் பிள்ளை ஒரு தோளில் கிடந்த துண்டை எடுத்து மறு தோளில் போட்டார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். “வடக்கயா? செத்தது யாரு, இந்த வீட்டு வேலக்காரியா?”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“பின்ன எப்படிச் சொல்ல? புள்ள இல்லாதவதான, கேக்க ஆளில்லேன்னு நெனச்சீரா? நான் இருக்கேன் வோய். தெக்கு மூலையில எடம் குடுக்க மனசில்லேன்னா சொல்லும். சர்க்கார் சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ஊரு பாக்கட்டும்.”

முற்றத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். தாணுப் பிள்ளை அந்தப் புழுவைப் பார்த்தார். உரக்கடைக்காரன், புழுவுக்காக வழக்கத்தை மாற்றச் சொல்கிறான். கேட்டால் சிரிப்பார்கள், அல்லது புத்தி பிசகிவிட்டது என்பார்கள். சொல்லாமல் விட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே தீ எரியும்.

“மச்சான், இங்க தீ வச்சா தரை செங்கச்சூளையாயிரும். உள்ள இருக்கிறதெல்லாம் வெந்துபோவும். இதெல்லாம் அவ வச்சிருந்தது. அவள வச்சே அத எரிக்க என்னால ஆவாது.”

“எதெல்லாம்?”

அவர் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி மச்சானின் கையில் வைத்தார். ஒரு மரவட்டை சுருண்டது. பெயர் தெரியாத ஏதோ ஒன்று விரலிடுக்கில் ஓடி ஒளிந்தது. பகவதிப்பெருமாள் பிள்ளை உதறப் போனார். உதறவில்லை. கையை மூக்குக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

இன்னொரு தடவை மோந்தார்.

“தீவாளிக்கு வந்தா எங் கையப் புடிச்சுக்கிட்டே இருப்பா” என்றார் பிறகு. “இந்த மணம்தான் அடிக்கும். நான் அடுக்கள மணம்னுல்லா நெனச்சிருந்தேன்.”

குனிந்து, அந்த மண்ணை எடுத்த இடத்திலேயே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஞானையனைப் பார்த்தார். “வடக்க வெட்டுடே. தலை தெக்க பாத்து இருந்தா போதும்.”

வடக்கே மண்வெட்டி ணங்கென்று விழுந்து எம்பியது. கடப்பாரை கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சில்லுத்தான் பெயர்ந்தது. நடுவீட்டில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாணுப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் ஒன்று விடாமல் கேட்டது. மண்ணை இப்படிக் கல்லாக்கி வைத்திருக்கிறோமே என்று அவளுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது.

மாமரம் விழுந்தது. அவரே தீ வைத்தார். புகை முதலில் தென்னைகளுக்கு நடுவே தயங்கி நின்றது, பிறகு நேராக மேலே போயிற்று. எரிச்சா எல்லாம் ஆகாசத்துக்குப் போயிரும். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். பகவதிப்பெருமாள் பிள்ளை அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

காடாற்று அன்றைக்கு எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் வைத்து, பகவதிப்பெருமாள் பிள்ளை சங்குமுகம் கடலில் கரைக்கக் கொண்டுபோனார். சிதை எரிந்த இடத்தில் ஒன்பது தானியம் விதைப்பது வழக்கம். தரை ஓடு மாதிரி சிவந்து வெந்திருந்தது. ஞானையன் காலால் தட்டிப் பார்த்தான்.

“இதுல ஒண்ணும் மொளைக்காது மொதலாளி. கடையில போயி ஒரு சாக்கு உரம் எடுத்துட்டு வரட்டா?”

தாணுப் பிள்ளை ஓலைக் கடவத்தை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். சருகை விலக்கி, கையால் மண்ணை அள்ளிக் கடவத்தில் போட்டார். புழு வந்தால் புழுவோடு அள்ளினார். தானே சுமந்து வந்து சிவந்த தரை மேல் பரப்பினார். ஞானையன் கடவத்தை வாங்க வந்தபோதும் விடவில்லை. பலமுறை நடந்தபின் அந்த இடம் கறுப்பாயிற்று. அதில் தானியத்தை விதைத்தார்.

வேலியோரம் ஒரு சருகுக் குவியல் இருந்தது. பக்கத்து வீட்டு சரஸ்வதியம்மாள் செய்த வேலை. சாவு வீட்டுக்கு ஆள் வருமே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, சாவு அன்றைக்கே தெற்குப் பாதியின் ஓரமெல்லாம் கூட்டிக் குவித்திருந்தாள். எரிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. தாணுப் பிள்ளை அதை அணைத்து அள்ளி வந்து, விதைத்த இடத்தில் மெல்லிசாகத் தூவினார். மிச்சத்தை வடக்குப் பாதி முழுக்க இறைத்தார்.

வேலிக்கு மேலே சரஸ்வதியம்மாளின் தலை தெரிந்தது. “அய்யோ, நான் இடுப்பொடியக் கூட்டினதுல்லா? மறுபடியும் எறைக்கியளே.”

“பெரிய உபகாரம் செஞ்சிருக்கீங்க அம்மா” என்றார் அவர். கேலி செய்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தலை இறங்கிவிட்டது.

மத்தியானம் சின்னதாகத் தூறல் போட்டு நின்றது. வந்தவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். தாணுப் பிள்ளை சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். நகக்கண்ணில் கறுப்பு அப்பியிருந்தது, கழுவத் தோன்றவில்லை. வெயிலும் ஈரமுமாக ஒரு வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கிடந்தது. தெற்கே ஒரு சத்தமும் இல்லை. கண் சொருகியது.

சருகு சரசரத்தது. ஒரு அடி. நின்றது. பிறகு இன்னொரு அடி.

கிளியாக இருக்கும் என்று நினைத்தார். இல்லாமலும் இருக்கலாம். முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம்தான், ஆனால் இதுவரை வராத பக்கத்திலிருந்து வந்தது. வடக்கேயிருந்து.

“பாத்து நட” என்றார், கண்ணைத் திறக்காமல். “வெத போட்டிருக்கு.”