டைமன் மூன்று

நூலகத்து மாடியில் சனிக்கிழமை காலைகளில் நான் ஒரு வகுப்பு எடுத்தேன். பொய்ச் சீட்டுக்கட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று. பதினொரு பேர் வந்தார்கள். எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள், ரம்மியில் தோற்றவர்கள், தோற்றதற்கு எதிரே உட்கார்ந்திருந்தவன்தான் காரணம் என்று திடமாக நம்புகிறவர்கள். அவர்களுக்கு முதலில் என் தகுதியைச் சொன்னேன். வித்தைக் குழுவில் முப்பத்திரண்டு வருடம். ஒரு தடவை துறைமுகத்தில் ஒரு கப்பலையே மறைய வைத்தோம். திரும்ப வரவழைக்கத் தெரிந்தவர் அன்றைக்கு லீவு. கப்பல் இன்னும் அங்கேதான் நிற்கிறது, அந்தப் பக்கம் போனால் இடித்துக்கொள்ளாதீர்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது சனிக்கிழமை பன்னிரண்டாவதாக ஒரு ஆள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது. என் தங்கை. அவளுக்கு அறுபத்தாறு வயது. பதினொரு வருடமாக அவள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். நான் செய்யும் எதையும் அவள் பார்க்க வந்ததில்லை.

அன்று சொல்ல வேண்டியது குட்டைச் சீட்டுக் கட்டு. அதில் ஒரே சீட்டு இருபத்தாறு தடவை இருக்கும், ஒன்றுவிட்டு ஒன்று. அந்த இருபத்தாறும் அரை மில்லிமீட்டர் குட்டை. கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் சீட்டுகள் இரண்டிரண்டாக விழும். பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாம் வேறு வேறு சீட்டு. அவன் 'நிறுத்து' என்று சொல்லும் இடத்தில் எடுத்தாலோ, எப்போதும் அந்த ஒரே சீட்டுதான். பிறகு, ஒரு முனை கொஞ்சம் அகலம், மறு முனை கொஞ்சம் குறுகல் என்று சீவிய கட்டு. அதில் ஒரு சீட்டைத் திருப்பிச் செருகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருவிவிடலாம். பிறகு முதுகில் பூ வரைந்த கட்டு. ஒரு இதழை மட்டும் மை வைத்துக் கொழுக்க வைத்திருப்பார்கள். இதையெல்லாம் தங்கை கட்டம் போட்ட நோட்டில் படத்தோடு எழுதினாள். படம் நான் பலகையில் வரைந்ததைவிட நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்தாள். ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் இரும்பு ஸ்கேல், பூதக்கண்ணாடி.

"உக்காரு அண்ணா."

"பசிக்குது பாப்பா."

"நாப்பத்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல செத்துட மாட்டே. உக்காரு."

டின்னுக்குள் ஒரு சீட்டுக்கட்டு, நூல் கட்டி. எந்தக் கட்டு என்று நான் கேட்கவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருடம் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. அவளுக்கு நிலப்பட அலுவலகத்தில் வரைவாளர் வேலை. எனக்கு வித்தைக் குழுவில் இடம். இரண்டும் வெளியூர். அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். சீட்டு எடுக்கலாம், சின்னச் சீட்டு எடுத்தவர் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அப்பாவின் கட்டில் மேலேயே கட்டை வைத்து எடுத்தோம். அவருக்குப் பேச்சு போயிருந்ததால் அவர் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. அவள் எடுத்தது டைமன் மூன்று. நான் எடுத்தது கிளாவர் ஐந்து. மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன். அப்பா ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்தொன்பது வருடம் இருந்தார். டாக்டர் போய்ச் சேர்ந்தபோது அப்பாதான் மாலை அனுப்பினார்.

அந்தப் பத்தொன்பது வருடமும் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யார் யாருக்கோ வீட்டு பிளான்களை டிரேஸ் எடுத்துக்கொடுத்தாள். முதல் வருடம் நான் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். 'இப்போதெல்லாம் சபையில் யார் எந்தச் சீட்டை எடுக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்கிறேன்' என்று பெருமையடித்து. அதற்குப் பதில் வரவில்லை. பிறகு எந்தக் கடிதத்துக்கும் வரவில்லை.

இப்போது அவள் நூலை அவிழ்த்தாள்.

"எடுத்த அன்னைக்கே கட்டி வச்சேன். யாரும் தொடல. சரசரன்னு விடறேன், நீ பாரு."

விட்டாள். ஒவ்வொன்றாக விழுந்தது. மறுபடி விட்டாள்.

"ரெண்டிரண்டா விழலையே."

"விழல."

"டைமன் மூணு ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணுதான்."

"அப்ப சீவின கட்டு." ஸ்கேலை எடுத்தாள். ஒவ்வொரு சீட்டையும் மேல், கீழ், இடம், வலம் என்று அளந்து நோட்டில் குறித்தாள். அறுபத்து மூன்று, எண்பத்தெட்டு. அறுபத்து மூன்று, எண்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு தடவை. அந்த அலுவலகம் எவ்வளவு நல்ல வரைவாளரை இழந்தது என்பதை நான் எதிரே உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். பிறகு முதுகுப் பூக்களை எண்ணினாள். சீட்டுக்கு எட்டு இதழ். எதுவும் கொழுத்திருக்கவில்லை. மேஜையில் நிற்க வைத்து ஓரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். நான் வகுப்பில் அப்படிச் சொல்லவே இல்லை.

மணி நான்கு ஆகியிருந்தது.

"சுத்தமான கட்டு," என்றாள்.

"ஆமா பாப்பா."

"நீ எதுவும் பண்ணல."

நான் மேஜையில் கிடந்த சீட்டுகளை ஒன்றுசேர்த்தேன்.

"உன்னை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? அப்பாவுக்குத் துணி மாத்தறப்பல்லாம் திட்டுவேன். ஒரு நாள் விடாம. அவன் ஏமாத்திட்டான், அவன் மட்டும் ஏமாத்தலேன்னா நான் இப்ப எங்கேயோ இருப்பேன்னு. அதைச் சொல்லித்தான் காலைல எந்திரிப்பேன்." பூதக்கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். "கடைசில ஒருத்தனும் ஒண்ணும் பண்ணல. சும்மா வந்திருக்கு மூணு. மன்னிச்சுடு அண்ணா."

பொய் சொல்லிப் பிழைத்தவன் நான். அந்த மன்னிப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போயிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். பிடித்துக்கொண்டிருந்த கம்பியை யாரோ உருவிவிட்டது போல இருந்தது.

"பாப்பா, நான் ஏமாத்தத்தான் வந்தேன்," என்றேன்.

"என்னது?"

"அப்ப நான் வித்தைச் சாமான் கடையிலதானே வேலை பாத்தேன்? ரெண்டு கட்டு எடுத்துட்டு வந்தேன். நல்லது ஒண்ணு, குட்டைச் சீட்டு ஒண்ணு. முதல்ல நல்லதை உன் கையில குடுத்துப் பாக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? திருப்பி வாங்கினப்ப பைக்குள்ள மாத்திட்டேன். அதுதான் தொழில். அந்த நேரம் பாத்து அப்பா இருமினாரு. நான் திரும்பிப் பாத்தேன். மாத்தினேனா இல்லையான்னு எனக்கே மறந்துபோச்சு. இன்னொரு தடவை மாத்திட்டேன்."

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை. நல்ல கட்டு திரும்பி வந்துடுச்சு. விரல்ல விட்டதுமே தெரிஞ்சுது. அதுக்குள்ள நீ கை நீட்டிட்டே."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த வீட்டில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"நல்லா கதை கட்டறே. நான் வருத்தப்படறேன்னு இப்ப உக்காந்த இடத்துலயே ஒரு திருடனைச் செஞ்சு தர்றியா?"

"சத்தியமா பாப்பா."

"அந்த இன்னொரு கட்டு எங்க?"

"பாலத்து மேல பஸ் போறப்ப ஆத்துல எறிஞ்சேன்."

"மொதலை முழுங்கியிருக்குமே."

"மொதலை எல்லாம் இல்ல. தண்ணியே முழங்கால் அளவுதான்."

"பாத்தியா, உனக்கே கதை ஓடல." எழுந்து என் தலையில் லேசாகத் தட்டினாள், பிள்ளையைத் தட்டுவது போல. "பரவால்ல விடு. நீ நல்லவன்தான். நான்தான் பாவி."

அப்பா மேல் ஆணை என்றேன். நீ எந்தக் கதைக்குத்தான் அப்பாவைக் கூப்பிடவில்லை என்றாள். அதுவும் உண்மைதான். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். வெளியே இன்னும் நல்ல வெயில்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். சேற்றுச் செருப்போடு அடுக்களைக்குள் நடந்தேன். குழம்பில் உப்பே இல்லை என்றேன். அவளுடைய டிரேசிங் தாளில் டீ டம்ளரை வைத்தேன். முன்பெல்லாம் இதில் பாதிக்குத் தெருவே கூடிவிடும். அவள் செருப்பை எடுத்து வெளியே வைத்தாள். உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் பதிந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத் தாளைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். வேறு தாள் எடுக்கவில்லை.

நேற்று பத்து மணிக்கு மேல் ஆகியும் அவள் எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"பாப்பா, எந்திரிச்சு வந்து என்னைத் திட்டேன்."

"எதுக்கு அண்ணா?" என்றாள், திரும்பாமலே.