எட்டு பவுண்டு காற்று

பத்தொன்பது வருடமாக டயர் கடையில் நிற்கிறேன். காற்று விஷயத்தில் என் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் எத்தனை பவுண்டு என்று சொல்லிவிடுவேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் அரை பவுண்டு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். காற்று குறைந்த சக்கரத்தோடு கடைக்கு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஓட்டுகிறவன் கையும் அந்தக் கோணலுக்கே பழகிப்போகும், பிறகு சரியான காற்று அடித்துக் கொடுத்தால் வண்டியில்தான் கோளாறு என்பான். இதை வாய் வலிக்க எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இவ்வளவும் தெரிந்தவன்தான் என் மகளின் பந்தில் கை வைத்தேன்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் பம்பரம் என்பார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பதின்மூன்று வயது. கூடைப்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். உயரத்தில் மட்டும் குள்ளனான என்னைக் கொண்டு பிறந்துவிட்டாள், பாவம். நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளைகள் பந்தைத் தலைக்கு மேலேயே வாங்கிக் கூடையில் போட்டுவிடுவார்கள். இவள் பந்தைத் தட்டிக்கொண்டே நாலு பேருக்கு நடுவில் புகுந்து வெளியே வந்தால்தான் உண்டு. விளையாட்டு விடுதிக்கு வருடத்துக்கு ஒருமுறை ஆள் எடுப்பார்கள். பதினாலு வயது நிறைந்துவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்து ஆடுகளத்தைப் பெயர்த்துப் போட்டார்கள். புதுத் தளம் போட ஆறு மாதம் ஆகும் என்றார்கள். கோச் மேடம் ஒரு தாளில் பயிற்சிகளை எழுதி, பள்ளிக்கூடத்துப் பழைய பந்து ஒன்றையும் கையில் கொடுத்து, வீட்டிலேயே செய் என்று அனுப்பிவிட்டார். இடது கையால் இருநூறு தட்டு, கை மாற்றி மாற்றி நூறு, கால்களுக்கு நடுவே எட்டுப் போட்டு நூறு. பந்தைக் குனிந்து பார்க்கவே கூடாது. அதற்காக நான் சுவரோரம் நின்று விரல்களைக் காட்டுவேன். அவள் தட்டிக்கொண்டே மூணு, அஞ்சு, ரெண்டு என்று சொல்ல வேண்டும். சில நாள் வேண்டுமென்றே வெறும் முஷ்டியைக் காட்டுவேன். அது என்ன, நீங்கள் கணக்கில் வாங்கிய மார்க்கா என்பாள். அந்த அரைமணி நேரம்தான் எனக்கு நாள் முழுவதற்கும் சேர்த்த சந்தோஷம்.

கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். இரவெல்லாம் ஆஸ்பத்திரி, பகலில்தான் தூக்கம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். முதல் தடவை வீங்கிய கண்ணோடு மாடியேறி வந்து தன்மையாகத்தான் சொன்னார். இரண்டாம் தடவை வீட்டுக்காரரிடம் சொன்னார். அதற்கடுத்த தடவை வீட்டுக்காரரே வந்து, இன்னொரு முறை அந்தத் தொம்தொம் கேட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் ஆடலாமென்றால் வண்டிகள் விடவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போனோம், காவலாளி விரட்டினார். கம்பளியை மடித்துத் தரையில் விரித்தால் பந்து அதில் விழுந்து எழவே மாட்டேன் என்றது. அவளிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள் என்றாள் என் மனைவி. எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பரம் குளிக்கப் போயிருந்தபோது பந்தில் காற்றடிக்கிற ஊசியைச் செருகி ஒரு மூச்சுக் காற்றை வெளியே விட்டேன். எட்டு பவுண்டு ஏழரையானது. சத்தம் கொஞ்சம் அடங்கியது. கீழேயிருந்து யாரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து இன்னும் ஒரு மூச்சு. இப்படியே நாலு மாதத்தில் பந்தை நாலு பவுண்டுக்குக் கொண்டுவந்து விட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் அவளுக்குப் பிடிபடவில்லை. பந்து மேலே வர மறுத்தபோதெல்லாம் தன் கையில்தான் வலு போதவில்லை என்று நினைத்தாள். காலையில் எழுந்து தண்டால் எடுத்தாள். தோளிலிருந்து ஓங்கி ஓங்கி அடிக்கப் பழகினாள். ஒரே ஒருநாள் மட்டும் கேட்டாள்.

"பந்து மெத்துன்னு இருக்காப்பா?"

வாங்கி அழுத்திப் பார்த்தேன். நாலரை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ அடி."

அதோடு விட்டுவிட்டாள். காற்று விஷயத்தில் அப்பா சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் நிரப்பிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அந்த வாரம் பார்த்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்ய வீட்டுக்காரர் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தார். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். கோழை என்று என்னைச் சொன்னால் எனக்கு மறுப்பில்லை.

சனிக்கிழமை காலை மாவட்ட விளையாட்டரங்கில் விடுதித் தேர்வு. ஆறு கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து பந்தைத் தட்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. பம்பரத்தின் முறை வந்தது. முதல் அடியிலேயே அங்கே கொடுத்த பந்து அவள் தோளைத் தாண்டி எகிறியது. ஓடிப்போய்ப் பிடித்தாள். இரண்டாவது கூம்பிடம் மறுபடி எகிறி, உருண்டு, பெற்றோர்கள் உட்கார்ந்திருந்த படிக்கட்டில் என் காலடியில் வந்து நின்றது.

குனிந்து எடுத்தேன். கட்டைவிரல் தானாக அழுத்தியது. கச்சிதமாக எட்டு பவுண்டு.

மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ரொம்பத் துள்ளுதுப்பா. என்ன பண்றது?"

பாதி வேகத்தில் தட்டு, வீட்டுப் பந்தில் காற்றில்லை, அது என் வேலை என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு நொடி போதும். என்னைச் சுற்றிலும் மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். கோச் மேடம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாத. வழக்கம்போல அடி."

வழக்கம்போல அடித்தாள். இரண்டாவது வாய்ப்பில் பந்து அவள் தாடையில் மோதியது. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் பந்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவோடு கடைக்குப் போன நேரத்தில் நான் பந்தை வெளியே எடுத்துப் பம்பை மாட்டி எட்டு பவுண்டு அடித்துவைத்தேன். யாருக்காக அடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. காற்றில்லாத அந்தப் பந்து என் வீட்டில் கிடப்பதைத் தாங்க முடியவில்லை. திருடினதைத் திருப்பி வைத்துவிட்டால் திருடினது இல்லையென்று ஆகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

திங்கட்கிழமை கோச் மேடம் போன் செய்தார். நாலு மாதத்துக்கு முன்னால் இந்தப் பெண்ணின் கையில் பந்து பூனைக்குட்டியாக இருந்தது, இப்போது காற்றுப் போன பந்தை அடிக்கிற மாதிரி அடிக்கிறாளே என்று அவருக்குச் சந்தேகம். வீட்டுப் பந்தைக் கொண்டுவரச் சொன்னார். பந்தில்தான் குறை என்று தேர்வுக் குழுவுக்குக் காட்ட முடிந்தால் மறுவாய்ப்பு வாங்கித் தருவதாகவும், தேர்வானவர்கள் பட்டியல் நாளை சாயங்காலம் போய்விடும் என்றும் சொன்னார். பம்பரத்தின் முகத்தில் இரண்டு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் உயிர் வந்தது. எனக்கு இருந்த உயிரும் போனது.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பந்தில் மறுபடி காற்றை இறக்கிவிடலாமா என்றுகூடப் போகிற வழியில் நினைத்தேன். பந்தை அவள் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள், என் கைக்குத் தரவில்லை. பள்ளிக்கூட அலுவலக அறையில் குழுவிலிருந்து ஒரு பெரியவரும் வந்து உட்கார்ந்திருந்தார். கோச் மேடம் பந்தைத் தலை உயரத்துக்குத் தூக்கிக் கீழே விட்டார். சிமெண்ட் தரையில் விழுந்து, சரியாக அவர் இடுப்பு வரை எழும்பி வந்தது. இன்னொரு முறை விட்டார். அப்போதும் அதே இடுப்பு.

"பந்துல ஒரு குறையும் இல்லையே" என்றார். அவருக்கே அது வருத்தமாக இருந்தது.

பம்பரம் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. காற்றைக் குறைத்தது நான்தான், கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காமலிருக்கக் குறைத்தேன், சனிக்கிழமை சாயங்காலம் நானே திரும்ப அடித்துவைத்தேன் என்று கொட்டித் தீர்த்தேன். ஊசியைக்கூடச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. தனக்கும் மகள் இருக்கிறாள் என்றார். டயர் கடை வைத்திருக்கிறவர் நாலு மாதம் காற்றில்லாத பந்தில் பிள்ளையை ஆட விடுவாரா, சொன்னால் யார் நம்புவார்கள் என்று மெல்லக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கோச் மேடம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் மகளைப் பார்த்தேன். அவளாவது என்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தன் கைமேல் அவளுக்கிருந்த சந்தேகமாவது தீர்ந்திருக்கும். அவள் என் கையிலிருந்த ஊசியை வாங்கி மறுபடி என் பையிலேயே போட்டாள்.

"நீங்கதானே அழுத்திப் பாத்து சரியா இருக்குன்னு சொன்னீங்க. காத்து விஷயத்துல நீங்க தப்பு பண்ண மாட்டீங்கப்பா. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

சத்தியமாக நான்தான் என்றேன். சரி வாங்க என்றாள். பந்தைக் கோச் மேடத்தின் மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வருகிற வரைக்கும் அவள்தான் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள்.